விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை

ஜனவரி 10, புதன்

டாக்டர் மத்தியானம் கூப்பிட்டார். கண்டியிலிருந்து ஓர் உளவியலாளர் வருகிறாராம். பெயர் அனுலா வெலகெதர. சனிக்கிழமைகளில், தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், எட்டு வாரம் தியான வகுப்பு. ‘வகுப்பு என்று சொல்லாதீர், சிகிச்சை’ என்று டாக்டர் திருத்தினார். அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. சிங்களம் தெரிந்த உளவளத்துணையாளர் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான். ஆகவே நான் மொழிபெயர்க்க வேண்டும்.

டிப்ளோமா படித்தபோது இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். புத்தர் சொன்ன மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை மேல்நாட்டு உளவியலாளர்கள் எடுத்து, அதிலிருந்த பிறவி, கர்மம், நிர்வாணம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மனச்சோர்வுக்கு மருந்தாக்கினார்கள். திரும்பத் திரும்பச் சோர்வில் விழுகிறவர்களுக்கு நல்ல பலன் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

வருகிறவர்கள் எல்லாரும் யுத்தத்தின் கடைசிச் சண்டையோடு வீட்டில் ஒருவரைத் தொலைத்துவிட்டு இன்னும் தேடுகிறவர்கள். பெயர்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மாமிக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது. செருப்புக்குள் போகவில்லை. பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. கோழிகளைக் கூட்டுக்குள் விரட்டுவதற்குள் நனைந்துவிட்டேன்.

ஜனவரி 13, சனி

முதல் நாள். அனுலா அம்மாவுக்கு அறுபது இருக்கும். தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையில் இருக்காமல், எல்லாரோடும் பாயில் இருந்தார். எங்கள் சனத்துக்கு அது பிடித்தது.

ஆளுக்கொரு திராட்சை வற்றல் கொடுத்தார். அதை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும், மணந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்து மெல்ல மெல்லச் சாப்பிட வேண்டும். மனம் வேறெங்கும் ஓடாமல் இந்தக் கணத்தில் நிற்பதற்கான பயிற்சி. நான் சொல்லி முடிக்குமுன்பே கணபதிப்பிள்ளை ஐயா விழுங்கிவிட்டார். “இன்னொண்டு தாங்கோ மிஸ், இந்த முறை வடிவாப் பாக்கிறன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகளைக் காணவில்லை.

நாகேஸ்வரி அக்கா மட்டும் வற்றலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தா. அவவின் மகன் போகும்போது பத்தொன்பது வயது. வீதியோரப் போராட்டக் கொட்டகையில் அவனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக இருக்கிறவ.

“மிஸ், அந்த அம்மாட்டைச் சொல்லுங்கோ. சாப்பாட்டை உத்துப் பாத்து, மணந்து, வாயில வைச்சு மெதுமெதுவா விழுங்கிறதை எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. கடைசி மாசம் கஞ்சியை நாங்கள் அப்பிடித்தான் குடிச்சனாங்கள்.”

அப்படியே மொழிபெயர்த்தேன். அனுலா அம்மா தன் கையிலிருந்த வற்றலைத் தட்டில் திருப்பி வைத்தார்.

போகும்போது என் தாலியைப் பார்த்துவிட்டு, கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். வெளியாட்கள் கேட்டால் அப்படித்தான் சொல்வது. மேலே கேள்வி வராது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. மாமிக்காக, அவவின் மகனான இவருக்கும் ஓர் இலை போட்டுப் படைத்தேன்.

ஜனவரி 20, சனி

இன்று மூச்சு. மூக்கு நுனியில் காற்று உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்க வேண்டும். நினைவு வரும். வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகாமல் மூச்சுக்குத் திரும்ப வேண்டும்.

அனுலா அம்மா சிங்களத்தில் சொன்னது: “நினைவு வரும்போது அதை விட்டுவிடுங்கள்.” சின்ன வாக்கியம். என் வாயில் வந்து நின்றது. எதிரே நாகேஸ்வரி அக்கா, கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. இந்தச் சனத்துக்கு ‘விட்டுவிடுங்கள்’ என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். விசாரணைக்கு வந்தவர்கள், நட்டஈடு கொண்டு வந்தவர்கள், சொந்தக்காரர், சாமியார்கள்.

நான் சொன்னது: “நினைவு வந்தால் வரட்டும். அதுக்கும் பக்கத்தில ஒரு இடம் குடுங்கோ. அதை இருக்கவிட்டிட்டு, நீங்கள் மூச்சைப் பாருங்கோ.”

பிழையான மொழிபெயர்ப்புத்தான். தெரிந்துதான் செய்தேன்.

முடிந்த பிறகு நாகேஸ்வரி அக்கா கேட்டா: “இது புத்தரின்ர மூச்சோ மிஸ்?”

“மூச்சு எல்லாருக்கும் ஒண்டுதானேயக்கா.”

“மூச்சு ஒண்டுதான். எங்கட குளத்தடியில புதுசா ஒரு சிலை வந்திருக்கு. காலமை வெளிக்கிட்டா முதல் கண்ணில படுற முழிவளம் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். நான் அவரைக் கேக்கிறனான், ஐயா, ஒருக்காக் கண்ணைத் திறந்து பாருமன் எண்டு.”

இதை நான் அனுலா அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 22, திங்கள்

மாமியைக் கிளினிக்குக் கொண்டுபோனேன். இதயம் பெருத்துவிட்டதாம். நுரையீரலில் தண்ணீர். குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். உப்பில்லாமல் சமைத்தால் “இது ஆருக்கு, மாட்டுக்கோ?” என்கிறா.

ஜனவரி 27, சனி

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அனுலா அம்மா என்னை இருக்கச் சொன்னார். நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம்.

“தாரணி, நான் ஒரு வரி சொன்னால் நீங்கள் நாலு வரி சொல்கிறீர்கள். தமிழ் அவ்வளவு நீளமான மொழியா?”

உண்மையைச் சொன்னேன். ‘விட்டுவிடு’ என்பதற்கு இங்கே என்ன பொருள் என்று சொன்னேன். அது கைவிடு என்று கேட்கும். பிள்ளையைக் கைவிடு, புருஷனைக் கைவிடு, படத்தைச் சுவரிலிருந்து கழற்று. கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். எண்பத்தொன்பதாம் வருஷம், தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சிக் காலம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவன். ஜீப்பில் வந்தவர்கள், அவன் தங்கியிருந்த அறையிலிருந்து கூட்டிப்போனார்கள். அந்த மாதங்களில் தெற்கு வீதிகளில் டயர்களின் மேல் பிணங்கள் எரிந்துகொண்டிருக்கும். அம்மா ஒவ்வொரு புகையாகத் தேடிப் போவாராம். விகாரைப் பிக்குவான ஹாமுதுருவிடம் போய் அழுதபோது, ‘எல்லாம் அநித்தியம், விட்டுவிடுங்கள் உபாசக அம்மா’ என்றாராம். அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை விகாரைக்குப் போகவில்லை.

“நான் உளவியல் படித்தது அதனால்தான். தியானத்துக்குத் திரும்பி வந்தது பல வருஷங்களுக்குப் பிறகு. ஹாமுதுரு சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் அதில்லை. மருந்தும் அப்படித்தான். அளவும் நேரமும் தவறினால் நஞ்சு. இனிமேல் நீங்கள் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். நானும் சிங்களத்தில் மாற்றிக்கொள்கிறேன்.”

ஏன் எனக்கு இதைச் சொன்னார் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். வயலெல்லாம் கதிர் தள்ளி நிற்கிறது. சைக்கிள் சங்கிலி இரண்டு தரம் கழன்றது.

பெப்ரவரி 3, சனி

இன்றைய பயிற்சி சரிவரவில்லை. மனம் பதறும்போது போய் ஒதுங்குவதற்கு, பாதுகாப்பான ஓர் இடத்தைக் கண்முன் கொண்டுவர வேண்டும். அங்கே என்ன தெரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது என்று கவனிக்க வேண்டும். இது உளவியலாளர்கள் சேர்த்த பகுதி.

கணபதிப்பிள்ளை ஐயா கண்ணைத் திறந்தார்.

“குறை நினைக்காதேங்கோ மிஸ். வேற ஒரு இடமும் வருகுதில்லை. பங்கர்தான் வருது.”

“எனக்கும்,” என்றது இன்னொரு குரல்.

அனுலா அம்மா உடனே நிறுத்தச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு, நிலத்தில் காலை ஊன்றி, மண்டபத்தில் நீல நிறமாக இருக்கும் பொருட்களைச் சொல்லச் சொன்னார். திரைச்சீலை, வாளி, மாதாவின் சால்வை. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளர். என்னிடம் இடம் எதுவும் கேட்கப்படவில்லை. வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டைக் கழுவினேன். பிறகு கிணற்றடியையும் கழுவினேன்.

பெப்ரவரி 7, புதன்

யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் வந்தது. நல்ல பதவி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர், “இது மூன்றாவது தரம், தாரணி” என்றார். என்ன செய்வது, மாமி இந்த வீட்டை விட்டு வரமாட்டா. இவர் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவார் என்பது அவவின் எண்ணம்.

பாலேந்திரா மாஸ்டர் இரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கட்டுவதற்கு ஆள்விட்டுக் கேட்டபோதும் இதே கதைதான். நல்ல மனிதர். மனைவியை ஷெல் வீச்சில் இழந்தவர். மாமி தாங்கமாட்டா என்று சொல்லி அனுப்பினேன்.

பெப்ரவரி 10, சனி

நினைவு வேறு, உண்மை வேறு என்பது இன்றைய பாடம். ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்று மனம் சொன்னால், அது ஒரு நினைவு மட்டுமே என்று கண்டுகொள்ள வேண்டும். வானத்தில் மேகம் போகிற மாதிரி. சோர்வில் இருக்கிறவர்களை மேலும் மேலும் கீழே இழுப்பது இந்த நினைவுகளை உண்மை என்று நம்புவதுதான். இந்த இடத்தில் பழைய பிக்குகளும் இன்றைய உளவியலாளர்களும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

நாகேஸ்வரி அக்கா எழுந்து நின்றா.

“என்ர பிள்ளை எங்கையோ உயிரோட இருக்கிறான் எண்டு ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவு வருது. அதுவும் மேகமோ? கேட்டுச் சொல்லுங்கோ மிஸ்.”

கேட்டேன். மண்டபத்தில் எல்லாரும் அனுலா அம்மாவின் வாயையே பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி மறித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தானே சொன்னார்.

“தெரியாது. எனக்குத் தெரியாது அக்கா. என் தம்பி… எனக்கு இன்னும் தெரியாது. செத்தது சொன்னாலும் அது நினைவு. இருக்கு சொன்னாலும் நினைவு. தெரியாது மட்டும் உண்மை. அந்தத் தெரியாதுக்குப் பக்கத்தில் இருக்கிறது… ரொம்பக் கஷ்டம். அதுக்குத்தான் மூச்சு. வேற ஒண்டுக்கும் இல்லை.”

நாகேஸ்வரி அக்கா நின்றபடியே கேட்டா: “உங்கட தம்பிக்கு என்ன பேர்?”

“நிஹால்.”

“என்ர மகன் துஷ்யந்தன்.”

பாயில் இருந்துவிட்டா. முதன்முறையாகக் கண்ணை மூடினா. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை.

மொழிபெயர்க்க எனக்கு ஒன்றுமிருக்கவில்லை. சும்மா இருந்தேன். தலையிடித்தது. பனடோல் போட்டேன்.

பெப்ரவரி 14, புதன்

மாமியை ஆஸ்பத்திரி வாட்டில் இரண்டு நாள் வைத்திருந்தோம். தண்ணீர் எடுத்தார்கள். இனிமேல் செய்ய அதிகமில்லை என்று டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். “வீட்டை கொண்டுபோ பிள்ளை, இஞ்ச ஃபான் சத்தம் போடுது” என்று மாமி அடம்பிடித்தா. கொண்டு வந்துவிட்டேன். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி இருத்தி வைத்திருக்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

பெப்ரவரி 17, சனி

இன்று மண்டபத்துக்குப் போகவில்லை. பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் எனக்குப் பதிலாகப் போனா.

மாமிக்கு மூச்சு வாங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, நான் அங்கே சொல்லிக்கொடுப்பதையே சொல்லிப் பார்த்தேன். “இழுக்காதேங்கோ மாமி. அது தானா வரும். வெளிய விடுறதை மட்டும் மெதுவா விடுங்கோ.”

“இதைத்தானோ கிழமைக்கொருக்காப் போய்ப் படிப்பிக்கிறாய்? இதுக்குச் சம்பளமும் தருகினமோ?”

“ஓம் மாமி.”

“நல்ல வேலை.”

ஆனால் செய்தா. இருவரும் சேர்ந்து செய்தோம். அவவின் மூச்சு உள்ளே போகும்போது தொண்டையில் சத்தம் கேட்கும், கஞ்சி கொதிக்கிற மாதிரி. பயமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அது வெறும் சத்தம்தான். கொஞ்சம் அமர்ந்தது. மத்தியானம் நித்திரை கொண்டா.

பெப்ரவரி 19, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். பின்னேரம் மூன்று மணியிருக்கும். மாமிக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, பவுடர் போட்டுவிட்டேன். முகம் தெளிவாக இருந்தது. அப்போதுதான் கேட்டா.

“பிள்ளை, நான் போனாப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போறாய்தானே?”

“ஏன் மாமி உதெல்லாம் இப்ப? நீங்கள் இந்த வீட்டை விட்டு வரமாட்டன் எண்டு சொன்னபடியால்தானே நான்…”

“நான் எப்ப சொன்னனான்?”

யோசித்துப் பார்த்தேன். எப்போது சொன்னா என்று ஞாபகம் வரவில்லை.

“நீதான் சொன்னனி,” என்றா மாமி. மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டுவிட்டுச் சொன்னா. “மாமி வரமாட்டா, மாமி தாங்கமாட்டா எண்டு. அந்த மாஸ்டரை ஆள்விடச் சொல்லிச் சொன்னதே நான்தான் பிள்ளை. நீ வேண்டாமெண்டிட்டாய். சரி, அவள் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாள், நான் அவளின்ர நம்பிக்கையைக் குழப்பக்கூடாது எண்டு பேசாமல் இருந்தனான்.”

“என்ன சொல்லுறியள் மாமி?”

“அவன் இல்லை. எனக்கு அது எப்பவோ தெரியும். ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. ஒரு நாள் முற்றம் கூட்டிக்கொண்டு நிக்கேக்க தெரிஞ்சுது. விளக்குமாத்தைப் போட்டிட்டு அதிலயே இருந்திட்டன். நீ வேலையால வந்து, ஏன் மாமி வெயிலுக்க இருக்கிறியள் எண்டு கேட்டனி. உன்ர நெத்தியில பொட்டு இருந்துது. எனக்குச் சொல்ல வாய் வரேல்லை.”

குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினேன். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தபோது மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

“கோவமோ பிள்ளை?”

“இல்லை மாமி.”

“என்ர செத்த வீட்டில அழேக்க அவனுக்கும் சேத்து அழுதுபோடு. பிறகு எழும்பி உன்ர பாட்டைப் பார்.”

தேத்தண்ணீர் சுட்டது. ஊதி ஊதிப் பருக்கினேன்.

பெப்ரவரி 20, செவ்வாய்

கோபம்தான். இத்தனை காலம் மாமிக்காகப் படலையைப் பூட்டாமல் விட்டேன். மாமிக்காக இலை போட்டேன். மாமிக்காக இவரின் சாரங்களை வெயிலில் காயவைத்து மடித்தேன். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிற எனக்கு, அந்தக் கிழவி அதையெல்லாம் எனக்காகப் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தா என்று தெரிந்திருக்கவில்லை.

பெப்ரவரி 21, புதன்

மாமி இரண்டு கரண்டி கஞ்சி குடித்தா.

பெப்ரவரி 23, வெள்ளி

காலமை ஆறரைக்கு மாமியின் மூச்சு நின்றது. பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டு போனது. ஒன்று வெளியே போனது. அடுத்தது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அடுத்த வீட்டு உழவு இயந்திரம் ஸ்டார்ட் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் அது வராது என்று விளங்கியது.

மாமியின் தம்பி மகன் கேதீஸ் வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தான். பந்தல், பறை, ஐயர். கொள்ளியும் அவன்தான் வைப்பான். “அண்ணை இருந்தால்…” என்று தொடங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

கனடாவிலிருந்து இவரின் தங்கை நிரூபா அழுதழுது கதைத்தா. அழுகை ஓய்ந்த பிறகு, மரண அறிவித்தல் போட வேண்டும் என்றா. பத்திரிகைக்கும் இணையத்துக்கும். எழுதியதை வாசித்துக் காட்டினா.

“‘அன்னார் காலஞ்சென்ற விசுவலிங்கத்தின் அன்பு மனைவியும்…’ அதுக்குப் பிறகு எங்கட பேருகள் வரோணும் அண்ணி. அண்ணான்ர பேரும் என்ர பேரும்.” கொஞ்சம் நிறுத்தினா. “அண்ணான்ர பேருக்கு முன்னால என்ன போட?”

எனக்கு விளங்கியது. ஆனாலும், “என்னெண்டா?” என்று கேட்டேன்.

“காலஞ்சென்ற எண்டு போடட்டோ? கொஞ்சப் பேர் காணாமலாக்கப்பட்ட எண்டும் போடுகினம். உங்களுக்கு எது சரியோ அதைச் சொல்லுங்கோ. அரை மணித்தியாலத்துக்குள்ள குடுக்கோணும்.”

முற்றத்தில் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அலவாங்கு கல்லில் படும் சத்தம். நெஞ்சு வேகமாக அடிப்பதைக் கவனித்தேன். நான் சொல்லிக்கொடுக்கும் எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றும் அமரவில்லை.

“பேரை மட்டும் போடு.”

“அண்ணி, பேர் மட்டும் போட்டால் சனம் உயிரோட…”

“பேரை மட்டும் போடு நிரூபா.”

பெப்ரவரி 24, சனி

மாமியைக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலமை பத்து மணிபோல ஒரு வேன் வந்து நின்றது. மண்டபத்துக்கு வருகிற எல்லாரும் இறங்கினார்கள். அனுலா அம்மா வெள்ளைச் சீலையில் கடைசியாக இறங்கினார். சனிக்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாகேஸ்வரி அக்கா நேரே வந்து என் பக்கத்தில் இருந்தா.

அதுவரைக்கும் நான் அழவில்லை. தேத்தண்ணீர் எல்லாருக்கும் போனதா, ஐயருக்கு வேண்டிய சாமான் வந்ததா என்று பார்த்துக்கொண்டு திரிந்தேன். பெட்டியை மூடப் போகிறோம், முகம் பார்க்கிறவர்கள் வாருங்கள் என்றதும் கிட்டப் போனேன். ‘மாமி’ என்று சொல்லித்தான் வாயைத் திறந்தேன்.

வந்தது வேறு. “இஞ்சாருங்கோ” என்று வந்தது.

இவரைக் கூப்பிடுகிற சொல். இத்தனை வருஷமாக என் வாயிலிருந்து வராத சொல். இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேனாம். பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். பறை நின்றுவிட்டது. ஆம்பிளைகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

யாரோ என்னைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார்கள். நாகேஸ்வரி அக்கா. காதுக்குள் சொன்னா.

“அழு. உன்ர மனுசனுக்காக அழு பிள்ளை. நல்லா அழு. என்ர பெடியனை மட்டும் இதில சேக்காதை.”

சொல்லிவிட்டு அவவும் அழுதா. விடவில்லை. பெட்டி படலையைத் தாண்டிப் போகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தா.

பின்னேரம் வேனில் ஏறுமுன் அனுலா அம்மா வந்தார். கணவர் வெளிநாட்டில் என்று சொன்னது பொய் என்று சொல்லத் தொடங்கினேன்.

“தெரியும். முதல் கிழமையே நாகேஸ்வரி அக்கா சொல்லிவிட்டார்.”

“பிறகு ஏன் கேட்கவில்லை?”

“நீங்கள் அவர்களுக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்தேன். பக்கத்தில் ஓர் இடம் கொடுத்தேன், அவ்வளவுதான்.”

மார்ச் 2, சனி

சாவுத் துடக்கு வீட்டிலிருந்து வெளியே போகக்கூடாது என்று கேதீஸின் மனைவி சொன்னா. கடைசி வகுப்பு, போய்விட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். வீதியெங்கும் அறுத்த நெல் காயப்போட்டிருக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரமாக நடந்தேன்.

வழக்கமான இடத்தில், அனுலா அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருக்கப் போனேன். அவர் தலையாட்டி, எதிர்ப்பக்கப் பாயைக் காட்டினார். கணபதிப்பிள்ளை ஐயா தள்ளி இடம் விட்டார். அப்படியென்றால் மொழிபெயர்ப்பது யார் என்று கேட்டேன்.

“நானே,” என்றார் தமிழில். “பிழை வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.”

மூச்சு வருது என்றார். மூச்சு போகுது என்றார். வேறு பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாததும் ஒரு நன்மைதான். கண்ணை மூடினேன். மற்றவர்களைக் கண்மூடச் சொல்லி, நான் மட்டும் திறந்துகொண்டே இருந்த மண்டபம் அது.

வந்தது. அந்த நாளின் நினைவு. வரட்டும் என்று இருந்தேன். நெஞ்சு அடித்தது, அதையும் பார்த்தேன். எழுந்து ஓடிப்போய் எதையாவது கழுவ வேண்டும் போலிருந்தது, அதையும் பார்த்தேன். போகவில்லை. அது முழுவதும் வந்து முடியும்வரை இருந்தேன். எத்தனையோ பேரின் கதையைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. எழுதுகிறேன்.

சண்டை முடிந்த மே மாதம். நல்ல வெயில். முட்கம்பிக்கு வெளியே சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. இயக்கத்தில் ஒரு நாளாவது இருந்தவர்கள் முன்னால் வரச் சொல்லி ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பதிந்துவிட்டு விடுவார்கள் என்று சொன்னார்கள். இவர் போவதா விடுவதா என்று என்னைக் கேட்கவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். மாமிக்கு வெயிலில் தலை சுற்றி, என் தோளில் சாய்ந்துகொண்டிருந்தா. ஆகவே எனக்கு இவரின் கையைப் பிடிக்கக் கை இருக்கவில்லை. பேருந்து வாசலுக்குப் போய், ஒரு காலை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பினார். பயந்த முகமில்லை. வேலைக்குப் போகிற முகம்.

“அம்மாவைப் பாத்துக்கொள்ளும்” என்றார்.

ஓம் என்றேன்.

பார்த்துக்கொண்டேன்.